கெல்ம்ஸ்காட்: மாளிகை அல்ல, பண்ணை வீடு

இங்கிலாந்தின் கெல்ம்ஸ்காட் மேனர் என்ற பழைய வீட்டைப் பற்றிய உங்கள் கட்டுரை அருமை. ஆனால் அந்த வீட்டைப் 'பிரபு மாளிகை' என்று எழுதியிருப்பதுதான் இடிக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், தேம்ஸ் கரையோரம், 1600 வாக்கில் டர்னர் என்ற விவசாயக் குடும்பம் கட்டிய பண்ணை வீடு அது. 'மேனர்' பட்டமெல்லாம் 19ஆம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1871இல் வாடகைக்கு வந்தவர், கடைசிவரை வாடகைதான். அவர் காலமான பிறகு 1913இல் மனைவி ஜேன்தான் வாங்கினார்.

கட்டுரையில் உள்ள படத்தில் கூரையைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். சுட்ட ஓடு கிடையாது. சுண்ணாம்புக் கல்லைப் பலகையாகப் பிளந்து வேய்ந்தது. இறவாணத்தில், அதாவது கூரையின் கீழ் விளிம்பில், பெரிய கற்கள், முகட்டை நெருங்க நெருங்கச் சிறிசாகிக்கொண்டே போகும். பெரிய கல்லின் பாரம் சுவர்மேலேயே இறங்கும், சின்னத் துண்டும் வீணாகாது. கொத்தனார் மூளை! மோரிஸ் இதை மீன் செதிலோடு ஒப்பிட்டு உருகியிருக்கிறார். பழைய கட்டடங்களைச் சுரண்டிப் புதுசாக்காதீர்கள் என்று 1877இல் சங்கமே ஆரம்பித்தவர் ஆயிற்றே.

அப்புறம், மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் அந்த வெளிக் கழிப்பறையை ஏன் சார் விட்டுவிட்டீர்கள்?