ரெண்டு பக்கம் எழுதிட்டு வா, அவ்வளவுதானா?

நேத்து ராத்திரி ஒன்பதரை மணிக்கு என் மகன் நாலுகோடு நோட்டு மேலேயே தலையை வச்சுத் தூங்கிட்டான். ரெண்டாம் வகுப்பு. 'பிரவுன்'ங்கற ஒரே இங்கிலீஷ் வார்த்தையைக் கர்சிவ்ல, அதான் எழுத்தையெல்லாம் கையெடுக்காம சேர்த்து எழுதற முறையில, ரெண்டு பக்கம் எழுதிட்டு வரணுமாம். ஏற்கெனவே எழுதின பக்கம் பூரா சிவப்பு வட்டம். கீழே 'அழகாக எழுதவும்'. எப்படின்னு தெரிஞ்சா அவன் எழுத மாட்டானா?

எங்கதான் தப்புன்னு உட்கார்ந்து பார்த்தேன். கர்சிவ்ல சின்ன 'பி' அடிக்கோட்டுல முடியாது, மேலே முடியும். அந்த உயரத்திலிருந்தே 'ஆர்' தொடங்கணும். ஆனா அவன்கிட்ட இருக்கற எழுத்து அட்டையில 'ஆர்' அடிக்கோட்டுலேர்ந்து கிளம்புது. குழந்தை அதைத்தானே நம்புவான்? 'பி'யை முடிச்சு, கோட்டைக் கீழே வரைக்கும் இழுத்துட்டு வந்து 'ஆர்' போடறான். நடுவுல வேற ஏதோ எழுத்து முளைச்ச மாதிரி ஆயிடுது. 'ஓ', 'வி', 'டபிள்யூ' மூணும் இப்படி மேலேதான் முடியும். அந்த ஒரு வார்த்தையிலயே மூணு இடத்துல இந்த வம்பு! இணைப்பைச் சொல்லித் தராம ரெண்டு பக்கம் எழுதச் சொன்னா, தப்புதான் ரெண்டு பக்கத்துக்குக் கையில ஊறும்.

அகரவரிசைப்படி சொல்லித்தர்றதே எனக்குப் பொறுக்கலை. 'சி', 'ஏ', 'டி', 'ஜி', 'ஓ' எல்லாம் இடப்பக்கமா வளைஞ்சு சுத்தற ஒரே அசைவு. 'எல்', 'எச்', 'கே' மேலே கண்ணி போட்டு இறங்கற அசைவு. சேர்த்துப் பழக்கினா கை தானா பிடிச்சுக்கும். இடக்கைக் குழந்தைன்னா இன்னும் பாவம். நோட்டை மத்தவங்களுக்கு நேரெதிர்ப் பக்கம் சாய்ச்சு வச்சுக்கணும்னுகூட யாரும் சொல்றதில்லை, "நேரா வை"ன்னு அதட்டறாங்க.

பின்லாந்துல 2016-லயே கர்சிவ் கட்டாயமில்லைன்னு விட்டுட்டாங்க. கலிபோர்னியாவுல 2024-லேர்ந்து திரும்பக் கட்டாயமாக்கிட்டாங்க. எனக்குக் கர்சிவ் வேணும், என் பிள்ளை எழுதணும். ஆனா சொல்லித் தரணும்ல?

இன்னிக்குக் காலையில தரையில சாக்பீஸால 'பி'யையும் 'ஆரை'யும் முழ நீளத்துக்குச் சேர்த்து எழுதி, அவன் விரலை அது மேல ஓட்டிக் காட்டினேன். நாலாவது தடவை தானாவே போட்டான். பத்து நிமிஷம்கூட ஆகலை. அவன் நடுவிரல்ல பென்சில் அழுத்தின பள்ளம் இன்னும் சிவந்தே கிடக்கு.