பேரூராட்சிப் பதவிக்காலம்: தீர்மானம் போட்டு நீட்டிக்க முடியுமா?

'மன்றம் தீர்மானம் போட்டால் பேரூராட்சித் தலைவர், கவுன்சிலர்களின் பதவிக்காலம் 6 ஆண்டாகும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. மன்றத்துக்கு அந்த அதிகாரமே கிடையாது. மாநில அரசும் சட்டமன்றமும்கூட நீட்டிக்க முடியாது. அரசியலமைப்பின் 243யு பிரிவு, '5 ஆண்டு, அதற்கு மேல் இல்லை' என்கிறது. மாற்ற வேண்டுமானால் நாடாளுமன்றம் அரசியலமைப்பையே திருத்த வேண்டும்.

பலர் தடுமாறும் இடம் கணக்கு. 5 ஆண்டு ஓடத் தொடங்குவது வாக்குப்பதிவு நாளிலிருந்தல்ல, முதல் கூட்டத்துக்குக் குறித்த நாளிலிருந்து. மன்றம் இடையில் கலைக்கப்பட்டால் 6 மாதத்துக்குள் தேர்தல் முடிய வேண்டும். புது மன்றத்துக்கு மிச்சக் காலம் மட்டுமே. அந்த மிச்சம் 6 மாதத்துக்கும் குறைவென்றால் இடையில் தேர்தல் தேவையில்லை.

தேர்தல் தாமதமானாலும் பழைய மன்றம் தொடராது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் காலம் முடிந்தபின், 2022 வரை தனி அலுவலர்கள்தான் நிர்வகித்தார்கள். அத்தனை ஆண்டுகள் மக்கள் பிரதிநிதியே இல்லாமல் போனது பெரிய குறை. ஆனால் அது பதவி நீட்டிப்பு அல்ல.