எடையை நம்பிக் கட்டாமல் விடாதீர்கள்

லாரியில் ஏற்றிய 20 டன் பொக்லைன் தன் எடையிலேயே அசையாமல் நிற்கும், கட்ட வேண்டியதில்லை என்று சில டிரைவர்கள் நினைக்கிறார்கள். கங்கைகொண்டான் பக்கம் நானும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். சடன் பிரேக் போட்டால் லாரிதான் நிற்கும், மேலே இருப்பது நிற்காது. எடையில் 80 சதவீதம் முன்னால் தள்ளும் என்று கணக்கு வைத்துத்தான் கட்ட வேண்டும், அதாவது 16 டன். நாலு மூலைக்கும் தனித்தனிச் சங்கிலி, லாரித் தளத்தில் இறக்கி வைத்த பக்கெட்டுக்கு ஒன்று, அப்புறம் ஏற்றுமுன் டிராக்கில் (பொக்லைன் ஓடும் இரும்புப் பட்டையில்) ஒட்டிய சேற்றைச் சுரண்டிவிடுங்கள், குளத்து வேலையிலிருந்து அப்படியே களிமண்ணோடு ஏற்றினால் இரும்புத் தளத்தில் சோப்பு மாதிரி வழுக்கும். போன ஐப்பசியில் நாங்குநேரி தாண்டி டீக்கு நிறுத்தினேன், பின்பக்கச் சங்கிலி கையால் ஆட்டும் அளவுக்குத் தொங்குகிறது. கிளம்பும்போது இறுக்கியது நானேதான். இப்போது முதல் பத்து கிலோமீட்டருக்குள் ஒருமுறை இறங்கிப் பார்க்காமல் போவதில்லை.