உலர் வலயம் என்றால் பாலைவனமா?

‘வன்னியை ஆங்கிலத்தில் “டிரை சோன்” என்கிறார்கள், அங்கே மழையே கிடையாது’ என்று ஒரு வட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. எழுதியவர் கார்த்திகையில் ஒருமுறை முல்லைத்தீவுக்கு வரட்டும், குடையோடு. இலங்கையில் ஆண்டு மழை 1,750 மில்லிமீற்றருக்குக் குறைந்த பகுதியே உலர் வலயம். வன்னியில் ஆயிரத்துக்கு மேல் பெய்கிறது. ஓயாமல் தூறும் லண்டனுக்கோ ஏறத்தாழ 600தான்! வன்னி மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை கொட்டித் தீர்ந்துவிடும். அதைத் தேக்கத்தான் இரணைமடுவும் வவுனிக்குளமும்.

‘டிரை’ எப்போதும் ஈரமின்மையைக் குறிப்பதில்லை. டிரை வைன் இனிப்பற்றது. டிரை கிளீனிங்கில் துணி தண்ணீருக்குப் பதில் வேறு திரவத்தில் நனைகிறது. டோர்ச் பற்றரியின் டிரை செல்லுக்குள்ளும் ஈரப்பசை உண்டு. முற்றாகக் காய்ந்தால் வெளிச்சம் வராது.