நூல் பிடித்துப் பார்த்த வளைவு

கடந்த வாரம் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர், தாம் கணினியில் கட்டிய ரோலர் கோஸ்டர் ஒன்றைக் காட்டுவதற்காக மடிக்கணினியுடன் வீட்டுக்கு வந்திருந்தார். கலிபோர்னியாவின் நொட்ஸ் பெரி ஃபார்ம் பூங்காவில் 1975இல் திறக்கப்பட்ட கோர்க்ஸ்க்ரூ என்ற ரோலர் கோஸ்டரை அவர் நோலிமிட்ஸ் 2 மென்பொருளில் மறுபடி அமைத்திருந்தார். தூண்களும் நிறமும் அச்சு அசலாக இருந்தன. ஆனால் வண்டி ஓடத் தொடங்கியதும் எனக்கு மனம் ஒட்டவில்லை. அந்தப் பாதை எண்ணெய் பூசியதைப் போல் வழுகிச் சென்றது. “எவ்வளவு மழமழப்பாக வந்திருக்கிறது பார்த்தீர்களா அண்ணே” என்று அவர் கேட்டபோது, அதுதான் பிழை என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், அவரும் வாசிப்பார்.

இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் நம்மில் பலர் மழமழப்பையே தத்ரூபம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். மென்பொருள் நமக்கு, ஓட்டத்தின் ஒவ்வொரு கணமும் ஆளின் மேல் விழும் விசையைக் கோடாக வரைந்து, விசை வரைபடமாகக் காட்டுகிறது. அதில் ஒரு முள் தெரிந்தால் உடனே அதைத் தேய்த்துவிடுகிறோம். ஆனால் அந்தக் கோர்க்ஸ்க்ரூவைக் கட்டிய ஏரோ நிறுவனத்தார் அப்படியொரு வரைபடத்தைத் திரையில் வைத்துக்கொண்டு குழாய் வளைக்கவில்லை. அதன் பொறியியலாளர் ரொன் டூமர் உடுப்புக் கொழுவும் கம்பியை வளைத்துத்தான் பாதையின் மாதிரியைப் பிடித்தார் என்பது இத்துறையில் பலரும் அறிந்த செய்தி. அந்தக் காலத்து ஏரோ பாதைகளில் நேர்கோடும் வட்டவில்லும் இடையில் பதமில்லாமல் சந்திக்கும் இடங்களைக் கண்ணாலேயே காணலாம். அந்தச் சந்திப்புகளில் தோளில் விழும் இடியைத் துடைத்துவிட்டால், மிஞ்சுவது ஏரோவின் நிறம் பூசிய வேறொரு பாதைதான்.

வளைவு எப்படித் தொடங்குகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கின்றது. 1895இல் நியூயோர்க்கின் கோனி தீவில் ஓடிய ஃபிளிப் ஃபிளாப் என்ற வண்டியின் தலைகீழாகச் சுற்றும் சுழி ஏறத்தாழ முழு வட்டமாக இருந்தது. முழு வட்டத்தின் உச்சியை இருக்கையை விட்டு எழாமல் கடக்க வேண்டுமாயின், உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டாலும், அடியில் நுழையும்போது ஆளின் எடை குறைந்தது 6 மடங்காகிவிடும். அதுவும் நேர்பாதை முடிந்து வட்டம் தொடங்கும் அந்தக் கணத்திலேயே, 1இலிருந்து 6க்கு ஒரே தாவலில். 1976இல் மஜிக் மவுன்டன் பூங்காவில் திறக்கப்பட்ட வண்டிக்குப் பொறியியலாளர் வெர்னர் ஸ்டெங்கல் வரைந்த சுழி கண்ணீர்த்துளி வடிவிலானது. வளைவு சிறிது சிறிதாக இறுகி, உச்சியில் சிறிய ஆரையை அடைந்து, பின்னர் அதே விதமாகத் தளர்ந்துவிடும். குளோதொயிட் எனப்படும் இது ஸ்டெங்கலுக்கு முன்பே ரயில்பாதைப் பொறியியலாளர்களுக்குத் தெரிந்த வளைவுதான்.

நம் மலைநாட்டு ரயில்பாதையில் ஏறத்தாழ 100 மீற்றர் ஆரை, அதாவது பழைய நீள அளவில் 5 செயின், கொண்ட வளைவுகள் இருக்கின்றன. ரயில்பாதையில் வேலை செய்த என் பெரியப்பா வளைவைச் சரிபார்க்கும் விதத்தைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். தண்டவாளத்தின் உள்விளிம்பில் நூலை இழுத்துப் பிடித்து, அதன் நடுவிலிருந்து தண்டவாளம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளப்பார்கள். பிறகு சற்றுத் தள்ளிப் போய் மறுபடி அளப்பார்கள். 100 மீற்றர் ஆரையில் 10 மீற்றர் நூலுக்கு அந்த இடைவெளி 12.5 சென்ரிமீற்றர் வர வேண்டும். வளைவின் நுழைவில் அது பூச்சியத்திலிருந்து படிப்படியாகக் கூட வேண்டும். திடீரென்று கூடினால் பெட்டி உதறும். இன்று மென்பொருளில் பாதையின் மேல் சீப்புப் பற்களைப் போல எழும் வளைவுக்கோடுகள் பெரியப்பாவின் நூல்தான். நான் பெரிய ரோலர் கோஸ்டர் எதிலும் ஏறியதில்லை. ஆனாலும் ஹட்டனிலிருந்து பதுளை வரை நின்றுகொண்டே போன உடம்புக்கு வளைவின் நுழைவு தெரியாமல் போகுமா?

வளைவில் பாதை பக்கவாட்டில் சாயும் சாய்வு வேறு கதை. ஸ்டெங்கல் வழியில் பாதை ஆளின் நெஞ்சுமட்டத்தை அச்சாக வைத்துச் சுழலும்; தண்டவாளத்துக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் மேலே என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் வலப்பக்கம் திரும்பும் முன் தண்டவாளமே சற்று இடப்பக்கம் விலகும். இதைப் படத்தில் பார்த்துவிட்டுப் பிழையென்று நினைத்து நேராக்கியவர்களை நான் அறிவேன். முதல் வருடத்தில் நானும் அதையே செய்தேன். பழைய ஏரோவில் சுழற்சி தண்டவாளத்தை ஒட்டியே நிகழ்வதால் ஆளின் தலைதான் பக்கவாட்டில் வீசப்படும். தம்பியின் கோர்க்ஸ்க்ரூவில், தண்டவாளத்திலிருந்து நெஞ்சுமட்டம் எவ்வளவு உயரம் என்ற அளவு மென்பொருளில் இயக்கப்பட்டிருந்தது. அந்த ஓர் எண்ணைப் பூச்சியமாக்கியிருந்தாலே பாதி வேலை முடிந்திருக்கும்.

மீதிப் பாதிக்குப் பொறுமைதான் வேண்டும். பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் குறுக்குச் சட்டங்களை எண்ணினால் அவையே அளவுகோலாகும். போல்ட் போட்டு இணைத்த தகடுகள் துண்டு எங்கே முடிகிறது என்று காட்டிக்கொடுக்கும். நானும் அதே கோர்க்ஸ்க்ரூவை, அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக, வில்லும் கோடுமாக மட்டும் வைத்துக் கட்டி வருகிறேன். என் விசை வரைபடம் இப்போது முள்வேலியைப் போலத்தான் நிற்கிறது. அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். இரண்டாவது சுருளிலிருந்து வெளியேறும் இடத்து முள் மட்டும் ஏரோவினுடையதா என் கைப்பிழையா என்று பிடிபடவில்லை. அசல் கோர்க்ஸ்க்ரூ 1990இலிருந்து ஐடஹோவின் சில்வர்வூட் பூங்காவில் ஓடுகிறது. அங்கே முன்னிருக்கையில் எடுத்த காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் வேலை இன்றிரவுக்கு இருக்கிறது. தம்பி, நேரமிருந்தால் நீங்களும் வாருங்கள்.