எங்கள் தாம்பரத்துக்கு ஒரு கூடம் வேண்டும்

போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் அடுக்ககத்து மொட்டை மாடியில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற மோட்டார்மேன் (மின்சார ரயில் ஓட்டுநர்) ஒருவர், வேலைக்காலம் முழுக்கக் கடற்கரை–தாம்பரம் வண்டியிலேயே கழித்தவர், மீட்டர் கேஜ் நாட்களைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருந்தார். 1931-ல் இந்தப் பாதையில் மின்சார ரயில் வந்தது, அப்போது 1,500 வோல்ட் நேர்மின்சாரம், 1960-களில்தான் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாற்றினார்கள், 2004 வரைக்கும் மீட்டர் கேஜ் மின்வண்டி ஓடியது என்று அவர் சொல்லிக்கொண்டே வரும்போது, ஆறாவது படிக்கும் ஒரு பெண் எழுந்து "தாத்தா, மீட்டர் கேஜ்னா எவ்வளவு அகலம் இருக்கும்?" என்று கேட்டாள்.

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. இரண்டாவது மாடியில் தையல் தைக்கும் அக்கா கீழே போய் டேப்பை எடுத்துவந்தார். சாக்பீஸால் தரையில் தண்டவாளம் மாதிரி இரண்டு கோடு போட்டோம், நடுவே சரியாக ஒரு மீட்டர். அதற்குப் பக்கத்தில் இப்போதுள்ள அகலப் பாதைக்கு (பிராட் கேஜ்) இன்னும் இரண்டு கோடு, 1,676 மில்லிமீட்டர். தையல் டேப் ஒன்றரை மீட்டரோடு முடிந்துவிடும் என்பதால் அதை நகர்த்தி வைத்து அளக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் படுத்துப் பார்த்தார்கள். மீட்டர் கேஜில் மூன்று வயசுப் பையன் ஒருவன் தலையும் காலும் கோட்டைத் தொட அப்படியே பொருந்தினான். அகலப் பாதையில் அவன் அப்பா படுத்தார், ஐந்தரை அடி மனிதர், அவரும் அச்செடுத்த மாதிரி பொருந்தினார். மோட்டார்மேன் அய்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இத்தனை வருஷத்துல இதை நான் இப்படிப் பார்த்ததே இல்லைம்மா" என்றார்.

அப்புறம் மழை வந்தது. கோடுகள் ஐந்து நிமிஷத்தில் கரைந்து போயின. நாற்பது பேரும் மாடிப்படியில் நெருக்கியடித்து நின்றோம். லிஃப்ட் கிடையாது. கைத்தடி வைத்துக்கொண்டு வந்திருந்த ஒரு பாட்டியைக் கைத்தாங்கலாக மூன்று மாடி இறக்கிக் கொண்டுவரக் கால்மணி நேரம் ஆனது. கீழே வந்ததும் அவர் கேட்ட ஒரே கேள்வி, "அடுத்தது எப்ப?" என்பதுதான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அன்றைக்கு ராத்திரியே எழுத நினைத்தேன், இப்போதுதான் உட்கார முடிந்தது.

நான் கல்யாணமாகி 1994-ல் மேற்குத் தாம்பரத்துக்கு வந்தவள், முடிச்சூர் சாலைப் பக்கம். இந்த ஊர் நகராட்சியாக இருந்ததும் தெரியும், 2021 நவம்பரில் மாநகராட்சி ஆனதும் தெரியும். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஐந்து நகராட்சி, சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை என்று ஐந்து பேரூராட்சி, பத்தும் சேர்ந்து 70 வார்டு. தண்ணீர், குப்பை, பாதாளச் சாக்கடை, தெருவிளக்கு, இதைப் பற்றியெல்லாம் தினமும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன், அது நிற்கக் கூடாது. ஆனால் யாருமே கேட்காத ஒன்றைக் கேட்கத்தான் இந்தப் பதிவு. நாலு பேர் கூடி உட்கார, ஒரு பேச்சோ பாட்டோ கேட்க, மழைக்கு ஒதுங்காமல் கூட்டம் நடத்த, தெருவுக்குப் பக்கத்திலேயே ஒரு பொது இடம். அதையும் தண்ணீர்க் குழாய் மாதிரி ஓர் அடிப்படை வசதியாகத்தான் நான் நினைக்கிறேன்.

இதைச் சொன்னால் என் கொழுந்தனாரே "முதல்ல ரோட்டைப் போடச் சொல்லுங்க அண்ணி, கச்சேரி எல்லாம் அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 2015 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். அந்த 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாற்றுத் தண்ணீர் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வீட்டுக்குள் ஏறியது, படகு விட்டார்கள். எங்கள் தெருக்களில் படகு வருவதற்கு முன்னாலேயே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வீடு வீடாகத் தட்டியவர்கள் யார் தெரியுமா? ஆடி மாசம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் கமிட்டிப் பையன்கள். அவர்களிடம் நன்கொடை நோட்டு இருந்தது. அதில் தெரு, கதவு எண், பெயர், எவ்வளவு கொடுத்தார்கள் என்று வரிசையாக எழுதியிருக்கும். அந்த நோட்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பதினாலாம் நம்பர்ல அம்மா தனியா இருப்பாங்க, பதினேழுல படுத்த படுக்கையா ஒரு தாத்தா" என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். யார் எங்கே இருக்கிறார்கள், யாரால் நடக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வருஷா வருஷம் சேர்ந்து பந்தல் போட்டு, பாட்டு வைத்து, கூழ் ஊற்றியதால் தெரிந்தது. திருவிழாவும் கச்சேரியும் அப்புறம் பார்த்துக்கொள்ளும் விஷயம் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த நோட்டுதான் ஞாபகம் வருகிறது.

இந்தப் பத்து ஊரிலும் சரக்கு இல்லையா என்ன? பல்லாவரத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார், இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சியே அங்கிருந்துதான் தொடங்குகிறது. அவர் சேகரித்த கற்கருவிகளைப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். அந்தப் பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் காய்கறி, பழைய சாமான், செடி வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அனகாபுத்தூர் நெசவாளர்கள் ஒரு காலத்தில் நைஜீரியாவுக்குப் போன மெட்ராஸ் கைக்குட்டைத் துணியை நெய்தவர்கள், அந்த வியாபாரம் படுத்த பிறகு வாழைநாரில் சேலை நெய்கிறார்கள். மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில் சோழர் காலத்தது. கிழக்குத் தாம்பரத்தில் கிறித்துவக் கல்லூரி 1937-ல் வந்தது, அதன் காட்டுக்குள் மான் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் வந்ததற்குக் காரணமான காசநோய் மருத்துவமனையை டேவிட் சௌரி முத்து என்ற மருத்துவர் 1928-ல் தொடங்கினார். தினமும் அந்த நிலையத்தில் இறங்கும் என் மகளுக்கே நான் சொல்லித்தான் தெரியும்.

இத்தனையையும் சொல்லத் தெரிந்தவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். நெசவாளர், ரயில்வேக்காரர், சானடோரியத்தில் வேலை பார்த்த நர்ஸம்மா, ஓய்வுபெற்ற வாத்தியார், கூத்துக் கட்டின குடும்பத்துப் பெரியவர். அவர்களை உட்காரவைத்துக் கேட்க இடம்தான் இல்லை.

கல்யாண மண்டபம் கேட்டுப் போனோம். அரைநாள் வாடகையே எங்கள் ஒரு வருஷச் செலவை விட அதிகம், அது போக முன்பணம். ஒரு பள்ளிக்கூடத்தில் கேட்டோம், வெளியாட்களை உள்ளே விட முடியாது என்றார்கள். அவர்கள் பயமும் புரிகிறது, பிள்ளைகள் இருக்கும் இடம். ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம், எந்தக் கட்சி, எந்தச் சங்கம் என்று கேட்டார்கள். எந்தச் சங்கமும் இல்லை, தெருக்காரர்கள் என்று சொன்னதும் அடுத்து என்ன கேட்பது என்று அங்கிருந்தவருக்குத் தெரியவில்லை. மனு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மார்கழி வந்தால் இன்னும் வருத்தம். மயிலாப்பூருக்குக் கச்சேரி கேட்கப் போவேன், வருஷத்துக்கு நாலைந்து. தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் மாதிரித் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) முடிந்ததும் எழுந்துவிட வேண்டும், அப்போதுதான் ரயிலைப் பிடித்து, தாம்பரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் பத்து மணிக்குள் வீடு வந்து சேர முடியும். முப்பது வருஷமாக மயிலாப்பூரில் நான் மங்களம் வரைக்கும் உட்கார்ந்த கச்சேரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதற்குப் பிறகு பாடும் சின்னச் சின்னப் பாட்டுகள், துக்கடாக்கள்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதைத்தான் விட்டுவிட்டு வருகிறேன். ஆண்கள் கடைசி வண்டியில் கூட வந்துவிடுவார்கள். பெண்களுக்கு அப்படி இல்லை, பக்கத்தில் இருந்தால்தான் எங்களால் முழுசாகக் கேட்க முடியும். அதே மாதிரி கழிப்பறை. பெண்கள் கூட்டத்துக்கு வருவதில்லை என்று சொல்கிறவர்கள், இரண்டரை மணி நேரம் உட்காரச் சொல்லும் இடத்தில் எங்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காசுக்கு எங்கே போவது என்பார்கள். உங்கள் சொத்து வரிக்கணக்கைக் கொஞ்சம் பாருங்கள், அதில் நூலக வரியும் உண்டு. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. 1948-ல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதற்காகப் பல வருஷம் பாடுபட்ட எஸ்.ஆர். ரங்கநாதன், இப்போது தாம்பரத்தில் இருக்கும் அதே கிறித்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்த காலத்தில் அங்கே படித்தவர். அந்தச் சட்டப்படி உள்ளாட்சி வசூலிக்கும் நூலக வரி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும். 2022-ல் சொத்து வரி ஏறியபோது இதுவும் சேர்ந்துதான் ஏறியது. ஆக, வாசிப்பதற்கும் கூடுவதற்கும் என்று தனியாக நாம் கொடுத்துக்கொண்டிருக்கும் பணம் ஒன்று இருக்கிறது. அதைக் கொண்டு ஊருக்கு ஊர் ஒரு நல்ல கூடம் கேட்பதில் தப்பே இல்லை.

நான் போகும் கிளை நூலகத்தில் காலையில் பேப்பர் படிக்க வரும் பெரியவர்களும், குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் ஒரே மேஜையை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள். பெரியவர்கள் பக்கம் திருப்பும்போது சத்தம் வராமல் பேப்பரை மெதுவாகப் பிரிப்பார்கள், பிள்ளைகளுக்காக. அந்த மேஜையைப் பார்த்தாலே இந்த ஊர் ஜனங்கள் மேல் எனக்குப் பாசம் பொங்கும். நூலகர் தங்கமானவர், கேட்ட புத்தகத்தை எங்கிருந்தாவது வரவழைத்துத் தருவார். ஆனால் அந்த அறையில் முப்பது நாற்காலிக்கு மேல் போட முடியாது, அவர் என்ன செய்வார்?

நான் கேட்பது பெரிய அரங்கம் இல்லை. ஏசி வேண்டாம், மேடை அலங்காரம் வேண்டாம். தரைத்தளத்தில், சக்கர நாற்காலி ஏறும்படி சரிவு வைத்து, நூறு நாற்காலி, மின்விசிறி, சுத்தமான கழிப்பறை, குடிதண்ணீர், ராத்திரி ஒன்பது வரைக்கும் விளக்கு. கட்சி, சாதிச் சங்கம் என்று கேட்காமல், பெயர் எழுதி வைத்தால் முறை வைத்துக் கொடுக்க வேண்டும், மின்சாரச் செலவுக்குச் சின்னத் தொகை வாங்கிக்கொள்ளட்டும். ஒரு வாரம் கர்நாடக சங்கீதம் என்றால் அடுத்த வாரம் கானா, அதற்கடுத்த வாரம் கூத்து, எல்லாவற்றுக்கும் ஒரே கதவு திறக்க வேண்டும், அதில் நான் கறாராக இருக்கிறேன். புதுக் கட்டடம் இப்போதைக்கு முடியாது என்றால் சனிக்கிழமை சாயங்காலம் பொதுப் பள்ளிக்கூடங்களின் கூடத்தையாவது, காவலாளியோடு, பொறுப்பாளர் கையெழுத்தோடு, முறையாகத் திறந்துவிட ஓர் ஆணை போடலாம்.

கேட்பதற்கு வழி இருக்கிறது. கிராம சபை மாதிரி நகரத்துக்குப் பகுதி சபை என்று ஒன்று வந்ததே, முதல் முறையாக 2022 நவம்பர் 1-ம் தேதி நடந்தபோது முதலமைச்சர் கலந்துகொண்டது நம் பம்மலில்தான். அடுத்த பகுதி சபையில் வைக்க மனு எழுதிவிட்டேன், ஒன்றரைப் பக்கம். எங்கள் வார்டில் இதுவரை 112 கையெழுத்து. கூழ் கமிட்டிப் பையன்கள் (இப்போது அவர்களில் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள்) அதே மாதிரி ஒரு நோட்டு போட்டு, தெருவாரியாக வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். மற்ற 69 வார்டிலும் யாராவது ஒருத்தர் இதையே எடுத்துச் செய்தால் நன்றாக இருக்கும். மனுவின் வாசகம் வேண்டும் என்றால் கமெண்டில் சொல்லுங்கள், அனுப்புகிறேன், உங்கள் தெருவுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளலாம்.

வரும் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அனகாபுத்தூரிலிருந்து ஒரு நெசவாளர் அம்மா வருகிறார், வாழைநாரை எப்படிப் பிரித்து நூலாக்குகிறார்கள் என்று காட்டப்போகிறார், தண்டும் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை மாடி இல்லை. கார்களையெல்லாம் தெருவில் நிறுத்திவிட்டு, கீழே பார்க்கிங்கைக் கூட்டிக் கழுவித் தருவதாக எங்கள் அடுக்ககத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பாட்டிக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டாயிற்று.