ஹசூயி வரைந்தவர்; செதுக்கியவர் வேறு

ஜப்பானிய மர அச்சுப் பட ஓவியர் ஒருவரைப் பற்றி, "கவாசே ஹசூயி தன் நிலக்காட்சிகளைத் தானே மரத்தில் செதுக்கி, தானே அச்சடித்தார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நண்பரே, இது சரியல்ல. ஹசூயி ஊர் ஊராகப் போய் வரைந்து வந்தார். செர்ரிப் பலகையில் அதைச் செதுக்கியவர் ஒரு கைவினைஞர், அச்சடித்தவர் இன்னொருவர். இவர்களை ஒன்றுசேர்த்துப் பணம் போட்டவர் பதிப்பாளர் வதனபே ஷோசபுரோ. ஷின் ஹங்கா ('புதிய அச்சுப் படம்') என்ற பாணியே இந்தக் கூட்டுவேலைதான்.

1925இல் வந்த சோஜோஜி கோயில் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்பு வாயில், கொட்டும் பனி, குடையைச் சாய்த்துப் பிடித்தபடி ஒரு பெண். நிறத்துக்கு நிறம் பலகை மாறும். ஒவ்வொரு முறையும் தாள் பலகையின் மூலைக் குறியில் பிசகாமல் உட்கார வேண்டும். ஹசூயியின் வானங்களில் நிறம் மெல்ல வெளுத்துப் போகிறதே, அது அச்சடிப்பவர் ஈரப் பலகையில் தூரிகையால் சாயத்தை இழுத்துக் கொண்டுவருவது. அந்தக் கைக்கு உரிய பெருமையை ஓவியருக்கே கொடுத்துவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வரைவது, செதுக்குவது, அச்சடிப்பது மூன்றையும் ஒருவரே செய்ய வேண்டும் என்றது சோசகு ஹங்கா ('படைப்பு அச்சுப் படம்') என்ற வேறொரு ஜப்பானிய இயக்கம். 1904இல் யமமோட்டோ கனாயே செய்த மீனவர் படம் அதன் தொடக்கம். அப்புறம், யோஷிதா ஹிரோஷி என்ற ஓவியர் இந்த இரண்டு வழிக்கும் நடுவில் நின்றவர்: சொந்தப் பட்டறை, கூலிக் கைவினைஞர்கள், பக்கத்திலேயே நின்று அவருடைய மேற்பார்வை. அவர் படங்களின் ஓரத்தில் இருக்கும் 'ஜிசுரி' முத்திரைக்குச் சொல்லுக்குச் சொல் 'தானே அச்சிட்டது' என்று பொருள். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.